கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருக்கலாமா?

வாசகி கேள்வி:

திருச்சி திருவெறும்பூர் பக்கம் எங்கள் வீடு. மனை 1994-ல் என் நகையை விற்று வாங்கியது, என் பெயரில் இருக்கிறது. 1997-ல் கீழ்வீடு கட்டினோம், மாடி பிறகு எடுத்தது. எனக்கு 61 வயது, கணவருக்கு 66. மகன் தொழிலில் நொடித்துப்போனதில் வீட்டின் மேல் வங்கிக் கடன் 11 லட்சம், வெளியில் மூணு வட்டிக்கு வாங்கியது 7 லட்சம். மாடி வாடகை 7,500 ரூபாய் வட்டிக்கே பத்தவில்லை. கணவருக்குப் பழக்கமான ஒருவர், "38 லட்சம் தர்றேன், கிரயம் பண்ணிக் கொடுங்க. நீங்க எங்கேயும் போக வேணாம், மாசம் 12,000 வாடகை கொடுத்துட்டு இதே வீட்டுல இருங்க. மூணு வருஷத்துக்குள்ள 45 லட்சம் கொடுத்தா திருப்பி எழுதித் தர்றேன்" என்கிறார். வெளியே கேட்டால் வீடு 60 லட்சம் போகும் என்கிறார்கள். திருப்பித் தரும் பேச்சைக் கிரயப் பத்திரத்தில் எழுத வேண்டாம், தனியாக 100 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். 50,000 அட்வான்ஸ் கொடுத்து, வரும் திங்கட்கிழமைக்கு டோக்கனும் போட்டுவிட்டார். கணவரும் மகனும் சரி என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கையெழுத்துப் போடலாமா?

வழக்கறிஞர் பதில்:

அம்மா, "கணவரும் மகனும் சரி என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து ரேகை வைக்கப்போவது நீங்கள். நீங்கள் போகாவிட்டால் இந்தக் கிரயமே கிடையாது. மனசு ஒப்பவில்லை என்கிறீர்களே, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டை வாங்க வருபவர் கொண்டுவரும் பத்திரத்தில் என்ன இருக்கும் என்பதை நான் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஏனென்றால் நம் ஊரில் கிரயப் பத்திரத்துக்கு ஒரே அச்சுதான். "கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டு" என்று ஒரு வரி. "சொத்தின் சுவாதீனத்தை இன்றே தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டபடியால்" என்று ஒரு வரி. "தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி. கடைசியில் "இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியமும் இல்லை". இவ்வளவையும் பதிவு செய்துவிட்டு, அதே சாயங்காலம் அதே வீட்டில் அதே அடுப்பில் நீங்கள் உலை வைப்பீர்கள். வீட்டில் எதுவும் மாறியதாகத் தோன்றாது. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் நீங்கள் அங்கே குடியிருக்கும் வாடகைக்காரர்.

அவர் உங்களுக்குத் தருவது இரண்டு வாக்கு. இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்பது ஒன்று, மூன்று வருடத்தில் திருப்பித் தருவேன் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருவதால் கேட்க இதமாக இருக்கிறது. நாம் பிரித்துப் பார்ப்போம்.

திருப்பித் தரும் வாக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சொத்து மாற்றுச் சட்டம் 1882-ல் இருந்து இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சொத்தைத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும். தனித்தாளில் இருந்தால் முடியாது. 1929-ல் கொண்டுவந்த திருத்தம் இது. "பத்திரத்தில் எழுத வேண்டாம், தனியாக எழுதிக்கொள்வோம்" என்று அவர் சொல்வதற்கு இப்போது அர்த்தம் தெரிகிறதா? தெரிந்து சொன்னாரோ, டாக்குமென்ட் எழுதுபவர் சொல்லிக் கொடுத்துச் சொன்னாரோ, உங்களுக்கு வரும் கெடுதல் ஒன்றுதான்.

அடமானம் என்றால் மீட்கும் உரிமை முப்பது வருடம் வரை நிற்கும். கெடு ஒரு நாள் தாண்டினாலும் வீடு போகாது, வட்டிதான் ஏறும். "குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் சொத்து எனக்கே" என்று அதில் எழுதி வைத்தாலும் நீதிமன்றம் ஏற்காது. திருப்பி விற்பதாகத் தனித்தாளில் எழுதும் மறுகிரய உடன்படிக்கை அப்படி இல்லை. கெடுத் தேதியைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அந்தத் தேதிக்குள் 45 லட்சமும் கையில் தயாராக இருந்தது, கொடுக்கப் போனேன், அவர்தான் வாங்கவில்லை என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு வாரம் பிந்தினால் கதை முடிந்தது.

அந்த 100 ரூபாய்ப் பத்திரம் செல்லவே செல்லாது என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனாலும் பதிவாகாததைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தாள் வில்லங்கச் சான்றில் ஏறாது. நாளை அவர் வீட்டை இன்னொருவருக்கு விற்றால், வில்லங்கம் போட்டுப் பார்த்து வாங்கியவர் "எனக்கு எப்படித் தெரியும்?" என்று நிற்பார். பிறகு நீங்கள் வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைய வேண்டியதுதான்.

என்னிடம் ஒருவர் வந்தார், சில வருடம் இருக்கும். இதே மாதிரி எழுதிக் கொடுத்தவர். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுத்த தேதியை நீல மையில் குறித்து வைத்திருந்தார், நாலு வருடத்துக்கு, ஒரு மாதம் கூட விடவில்லை. பணம் எல்லாம் ரொக்கம். எதிரே ஒரு கையெழுத்து இல்லை. வாங்கியவர் நல்ல மனிதர்தான், இவரை ஏமாற்ற நினைக்கவில்லை; மாரடைப்பில் போய்விட்டார். மகன்கள் பத்திரத்தைப் பார்த்தார்கள், "அப்பா இப்படி எதுவும் சொல்லலையே" என்றார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆள் நல்லவரா கெட்டவரா என்று உங்கள் கணவர் யோசித்துக்கொண்டிருப்பார். அதைவிட முக்கியம், அவருக்குப் பிறகு வருகிறவர் யார் என்பது.

அடுத்து, "இதே வீட்டுல இருங்க" என்ற வாக்கு. வாடகைக்காரர் என்றால் இப்போது 2017-ஆம் வருடச் சட்டம்தான், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பழைய 1960 சட்டத்தில் குடியிருப்பவருக்கு இருந்த பிடிமானம் இதில் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்வதற்குக் காரணமாகிவிடும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தாலும் அப்படியே. ஒப்பந்தக் காலம் முடிந்தும் நகராமல் இருந்தால் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகை, அதற்குப் பிறகு நாலு மடங்கு. முப்பது வருடமாக இருக்கிறோம், எங்கள் கையால் கட்டிய வீடு என்பதற்கெல்லாம் அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. வழக்கமாகப் போடும் 11 மாத அக்ரிமென்ட் போட்டீர்கள் என்றால், பன்னிரண்டாவது மாதம் அவர் தயவில் இருக்கிறீர்கள்.

இன்னொரு ஆபத்து அவர் பக்கமிருந்து வரும். அந்த 38 லட்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? வங்கியில் கடன் போட்டுக் கொடுக்கிறார் என்றால், உங்கள் வீடு அந்த வங்கிக்கு அடமானம். அவர் தவணை கட்டாமல் விட்டால், கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தில் வங்கி நேராக வீட்டு வாசலுக்கு வரும். நீங்கள் மாதாமாதம் ஒழுங்காக வாடகை கட்டியிருப்பீர்கள். நோட்டீஸ் உங்கள் கதவில்தான் ஒட்டுவார்கள். வங்கிக் கடனுக்கு முன்னாலேயே பதிவான குத்தகை கையில் இல்லை என்றால் அந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இருக்காது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் இதையே தொழிலாக நடத்தினார்கள்: கடனில் இருப்பவர்களிடம் வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்குவது, நீங்களே வாடகைக்கு இருங்கள், வருடக் கணக்கில் இருக்கலாம் என்று வாக்குக் கொடுப்பது, வாங்கிய வீட்டை வங்கியில் வைத்துக் கடன் எடுப்பது. கடன் கட்டாமல் போனதும் வங்கிகள் வீட்டைக் கேட்டன. 2014-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், வாங்கியவர் கொடுத்த வாக்கு கடன் கொடுத்த வங்கியைக் கட்டாது என்று தீர்ப்பானது. வீட்டை விற்றவர்கள் தோற்றார்கள். அதற்கு முன்பே 2009-ல் அரசு இந்த வியாபாரத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, 2012-ல் ஆராய்ந்து பார்த்தபோது பெரும்பாலான பேரங்கள் விற்றவர்களுக்குக் கட்டுப்படியாகாதவை என்று தெரிந்து, தொழிலே அநேகமாக நின்றுபோனது. அங்கே தடுக்க ஓர் அமைப்பு இருந்தது. இங்கே உங்களுக்கு இருப்பது உங்கள் கையெழுத்து மட்டும்தான்.

கணக்குக்கு வருவோம். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தேவை 18 லட்சம். அதற்கு 60 லட்சம் பெறும் வீட்டை 38-க்குக் கொடுக்கிறீர்கள். 22 லட்சம் அந்த இடத்திலேயே போயிற்று. திருப்பி வாங்கப்போகிறோமே என்பீர்கள். சரி, திருப்பி வாங்க எவ்வளவு ஆகும்? 38-க்குப் பதில் 45, கூடுதல் 7 லட்சம். மூன்று வருட வாடகை 4 லட்சத்து 32 ஆயிரம். மறுகிரயமும் கிரயம்தான், அதற்கு 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணம். 45 லட்சத்துக்கு 4 லட்சத்து 5 ஆயிரம். மொத்தம் 15 லட்சத்து 37 ஆயிரம். கடன் போக மீதி 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் இப்போதைய 8.2% வட்டியில் மூன்று வருடத்துக்கு 4 லட்சத்து 92 ஆயிரம் வரும். அதைக் கழித்தாலும் 18 லட்சம் கடனைத் தீர்க்க நீங்கள் கொடுக்கும் விலை பத்தரை லட்சம். அந்த 45 லட்சம் வரப்போவது எங்கிருந்து? கையில் இருப்பது 20. மீதி 25 லட்சத்தை மூன்று வருடத்தில் மகன் சம்பாதித்துத் தருவான் என்றால், இன்று இந்தக் கடிதமே வந்திருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள், யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

வரியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வீடு உங்கள் பெயரில் இருப்பதால், விற்ற லாபத்துக்குக் கட்டும் மூலதன ஆதாய வரியும் உங்கள் தலையில். 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5%, சரிக்கட்டலோடு 20%, இரண்டில் குறைவானது. விற்ற பணம் கடனுக்கே போய்விட்டது என்பதை வரித்துறை காரணமாக ஏற்காது. விற்றவர் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. உங்கள் பேரத்தில் திருப்பி வாங்குவது மூன்றாவது வருடக் கடைசியில். விலக்குக்கான காலமும் தாண்டிவிடும். இவர் 38 லட்சம் என்கிறார். அரசின் வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்கே விற்றதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "18 லட்சத்துக்கு அடமானம் எழுதிக்கிறீங்களா? பதிவு செய்து தர்றோம், வட்டியும் பேசிக்கலாம்." உங்களுக்கு உதவி செய்யத்தான் வருகிறார் என்றால் மறுக்கக் காரணம் இல்லை. பதிவுச் செலவும் கிரயத்துக்கு ஆவதில் சிறு பங்குதான். தயங்கினார் என்றால் அவருக்கு வேண்டியது வீடு. வீடு வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் அப்படியானால் வீட்டு விலையைப் பேசட்டும்.

அவசரம் அந்த மூணு வட்டிதான். 7 லட்சத்துக்கு மாதம் 21,000, வருடத்துக்கு 36%. அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வாங்குவது 2003-ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. வழக்குப் போடச் சொல்லவில்லை. அசலைப் பேசி முடிக்க உட்காரும்போது அந்தச் சட்டம் இருப்பது உங்களுக்கும் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும். பணத்துக்கு, மாடியைப் போக்கியத்துக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல், விடும் வழி இருக்கிறது. உங்கள் பக்கத்தில் 6 லட்சம் கிடைத்தால் 7,500 வாடகையை விட்டுக்கொடுத்து 18,000 வட்டியை நிறுத்துகிறீர்கள். வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், பதிவு செய்ய வேண்டும். கெடு முடிந்ததும் திருப்ப வேண்டிய பணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது; அது மூச்சுவிட நேரம் வாங்குகிற வழி, அவ்வளவுதான்.

எனக்கு மனசுக்குச் சரியென்று படுவது வேறு. விற்பது என்று முடிவாகிவிட்டால் நேராகச் சந்தையில் விற்றுவிடுங்கள். 60-க்குப் பக்கத்தில் போனால் 18 கொடுத்தது போக 40-க்கு மேல் நிற்கும். அதில் உங்கள் பெயரிலேயே சின்னதாக ஓர் இடம் வாங்கலாம், வரிவிலக்கும் கிடைக்கும், மீதிக்கு வட்டி வரும். சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பதைவிட, சின்ன வீடானாலும் சொந்தமாக இருக்கலாம். தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்காகத்தான் பலர் இந்த ரகசியக் கிரயத்துக்கு ஒத்துக்கொள்கிறார்கள். பட்டா மாறிய அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும் அம்மா.

60 வயது தாண்டியவர்களுக்கு வீட்டை வைத்து மாதாமாதம் பணம் தரும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007 முதல் இருக்கிறது. ஆயுள் உள்ளவரை வீட்டில் இருக்கலாம், பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி மீட்கலாம். ஆனால் வேறு கடன் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. 11 லட்சம் தீர்ந்த பிறகு யோசிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு இவருக்கே விற்று அங்கேயே இருப்பது என்று குடும்பம் முடிவெடுத்தால், நான் உங்கள் வக்கீலாக இருந்தால் கேட்பது இது. கிரயம் பதிவாகும் அன்றே, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், அடுத்த டோக்கனில் ஐந்து வருடக் குத்தகைப் பத்திரமும் பதிவாக வேண்டும். அந்த ஐந்து வருடமும் அவர் காலி செய்யச் சொல்லக்கூடாது. நீங்கள் மட்டும் இரண்டு மாத நோட்டீஸில் போகலாம். வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்று எண்ணாலேயே எழுத வேண்டும். வாரிசுகளையும் பின்னால் கிரயம் பெறுபவர்களையும் கட்டும் என்ற வரி வேண்டும். குத்தகை பதிவாகும் வரை அவர் அந்த வீட்டின் மேல் கடன் எடுக்கக் கூடாது. மறுகிரய உடன்படிக்கை தனியாகப் பதிவாகி, வில்லங்கத்தில் தெரிய வேண்டும். வங்கிக்குப் போகவேண்டிய 11 லட்சம் டி.டி.யாக நேரே வங்கிக்கு, மீதி முழுவதும் உங்கள் கணக்குக்கு, கையெழுத்துக்கு முன்னால். "பாதி இப்போ, பாதி ஆறு மாசத்துல" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முழுத் தொகையும் பெற்றேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மீதியைக் கேட்டு அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவான கிரயத்தை நீங்கள் தனியாகப் போய் ரத்து செய்யவும் முடியாது.

ஏற்கெனவே இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிப்பவர்களும் இருப்பார்கள். வழியே இல்லை என்று இல்லை. இன்றைய மகாராஷ்டிரத்தில் ஒரு பெண் 1953-ல் 2,000 ரூபாய்க் கடனுக்காக வீட்டுக் கிரயமும் கூடவே வாடகைச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். பத்திரம் பெயருக்கு எழுதியதுதான், கிரயம் என்பது இருதரப்பும் நினைக்காத ஒன்று என்று வாய்மொழிச் சாட்சியத்தால் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொன்னது 1981 நவம்பரில். இடையில் 28 வருடம். அதனால் வட்டி அனுப்பிய வங்கி, ஜிபே பதிவுகள், உங்கள் பெயரில் வரும் வீட்டு வரி, மின்கட்டண ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு உடனே உள்ளூர் சிவில் வக்கீலைப் பாருங்கள். வாடகையை இந்த மாதத்திலிருந்தாவது வங்கி வழியாக அனுப்புங்கள்.

உங்களுக்கு, அம்மா: திங்கட்கிழமை போகாதீர்கள். டோக்கன் போட்டுவிட்டார்களே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. ஆள் வராவிட்டால் அது தானாகப் போய்விடும். அட்வான்ஸ் 50,000-ஐ அவர் கணக்குக்கே அனுப்பி, "கிரயப் பேச்சு முடிவாகாததால் திருப்பியிருக்கிறேன்" என்று உங்கள் பெயரில் ஒரு பதிவுத் தபால் போடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அட்வான்ஸ் வாங்கும்போது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்பதை எழுதவில்லை. போட்டிருந்தால் தபால் அனுப்பும் முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். கடிதத்தின் வாசகத்தை அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டியிருக்கும்.